நடுவுக்குப் படி, ஓரத்துக்கு உழக்கு

நெட்டூரணியில் இருபத்திரண்டு பேருக்கு மட்டும் உச்சிப்பகலிலேயே பொழுது சாய்ந்துபோன சங்கதியை அந்த ஊர்க்காரர்கள் அதிசயம் என்று சொல்ல மாட்டார்கள். 'போட்டோ எடுத்த வருஷம்' என்பார்கள், மிளகாய் விலை ஏறின வருஷம், ஊருணி நிரம்பின வருஷம் என்று சொல்கிற அதே குரலில். வெளியூர்க்காரர் யாராவது வாயைப் பிளந்தால், இதுக்கெல்லாமா வாயைப் பிளப்பார்கள் என்று அவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அந்த வருஷம் நெட்டூரணி பலசரக்கு வியாபாரிகள் சங்கத்துக்கு ஐம்பது வயசு. தலைவர் சண்முகக்கனி அண்ணாச்சி, பதினெட்டு வருஷமாகத் தலைவர், இன்னும் பதினெட்டு வருஷம் இருக்கத் தேக சௌகரியம் உள்ளவர், ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். சாதாரணப் போட்டோ இல்லை. சங்கக் கட்டிடம் பின்னால் முழுசாகத் தெரிய வேண்டும், உறுப்பினரும் குடும்பமுமாக நூற்று எண்பத்தாறு பேரும் முன்னால் தெரிய வேண்டும், ஆறடிக்கு எட்டடியில் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டினால் ஒவ்வொருத்தர் மூக்கு நுனியில் நிற்கிற வேர்வையும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். நடுவில் அண்ணாச்சி தெரிய வேண்டும் என்பதை அவர் சொல்லவே இல்லை. சூரியன் கிழக்கே உதிக்க வேண்டும் என்று யாராவது தீர்மானம் போடுவார்களா.

வேலை ஆவுடையப்பனிடம் வந்தது. ஆவுடையப்பன் ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்தவன், சங்கத்திலும் ஒரு ஓரமான உறுப்பினன். நாற்பத்திரண்டு வயசு, யார் குரலை உயர்த்தினாலும் முதலில் தலையை ஆட்டிவிட்டு அப்புறம்தான் என்ன சொன்னார்கள் என்று யோசிக்கிற பிறவி. சின்ன ஃபிலிமில் எடுத்து அவ்வளவு பெரிசாக்கினால் ஆட்கள் எல்லாம் ரவை உப்புமா மாதிரி உதிர்ந்துபோவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதனால் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தாரிடம் வாங்கிப் போட்டிருந்த பெரிய கேமராவை வெளியே எடுத்தான். முன்னால் லென்ஸ், நடுவில் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு, பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஃபிலிம், அதற்கும் பின்னால் கருப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நிற்கிற ஆவுடையப்பன்.

தூரம்தான் இடித்தது. சங்கத்துக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவில் முப்பது அடி ரோடு. அங்கே கேமராவை வைத்தால் அவனிடமிருந்த லென்ஸில் பாதிச் சங்கம்தான் அடங்கியது. எதிர்ச்சுவரில் லாரி இரண்டு சேர்ந்து நுழைகிற அகலத்துக்கு ஒரு இரும்புக் கேட் இருந்தது, கேட்டுக்குப் பின்னால் அறுபது அடிக்கு வெறும் முற்றம், அதில் நாலு ஆடு படுத்திருந்தன. கேட்டைத் திறந்துவிட்டால் பின்னால் போய் நின்று அதே லென்ஸில் அத்தனை பேரையும் அள்ளிவிடலாம். ஆனால் அந்த முற்றம் நெட்டூரணி ஐக்கிய பலசரக்கு வியாபாரிகள் சங்கத்துக்குச் சொந்தம். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஆண்டு விழா மேடையில் ஒரு நாற்காலி குறைந்துபோய், உட்கார இடமில்லாமல் நின்றவர்கள் கோபித்துக்கொண்டு எதிரிலேயே இடம் வாங்கிப் பிரிந்துபோய், பிரிந்துபோனதற்கு அடையாளமாக 'ஐக்கிய' என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் அந்தப் பக்கத்தாரிடம் மணி என்ன என்றுகூடக் கேட்டது கிடையாது.

"அண்ணாச்சி, எதுத்தாப்புல கேட்ட அஞ்சு நிமிசம் தொறக்கச் சொன்னா வேலை முடிஞ்சுது," என்று ஆவுடையப்பன் மென்று முழுங்கிச் சொன்னான்.

"அவன் கேட்டத் தொறந்துதான் நம்ம மூஞ்சி தெரியணும்னா நமக்கு மூஞ்சியே வேண்டாம்வே," என்றார் சண்முகக்கனி. "கிட்ட நின்னே எல்லாரையும் அள்ளுத லென்சு உலகத்துல இல்லியா?"

இருந்தது. இருந்ததுதான் வினை. ஒரு வார்த்தை கேட்டால் தீர்கிற காரியத்துக்கு ஜெர்மனிக்காரன் வெளிச்சத்தையே வளைத்து ஒரு கண்ணாடி செய்து வைத்திருக்கிறான் என்றால், நெட்டூரணிக்காரர்களை மனதில் வைத்துத்தான் செய்திருக்க வேண்டும்.

ஆவுடையப்பன் மெட்ராசுக்கு ரயிலேறினான். மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய கேமரா வியாபாரம் செய்கிற கபூர் பாய், மூன்று லென்ஸை எடுத்துப் பச்சைத் துணி மேல் வரிசையாக வைத்தார். முதலாவது நூற்றிருபது மில்லிமீட்டர்; யோக்கியமான லென்ஸ், ஆனால் முப்பது அடியில் சங்கத்தில் முக்கால்வாசிதான் விழும். இரண்டாவது தொண்ணூறு, கூட்டத்தில் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு வரிசையை வெட்டும். மூன்றாவது அறுபத்தஞ்சு, கட்டைவிரல் மொத்தத்துக்கு ஒரு குட்டிக் கண்ணாடி. சங்கம், கட்டிடம், பக்கத்து வீட்டு வேப்பமரம் எல்லாம் விழும்.

"ஆனா அண்ணே, ஒண்ணு கேட்டுக்கங்க," என்றார் பாய். "எந்த லென்சும் வெளிச்சத்த வட்டமாத்தான் கொட்டும். அந்த வட்டத்துக்குள்ள உங்க ஃபிலிமோட நாலு மூலையும் அடங்கணும். இது ரொம்ப அகலம் பாக்குற லென்சு, வட்டம் பத்தியும் பத்தாமலும் இருக்கும். நடுவுல ஒரு படி வெளிச்சம் விழுந்தா ஓரத்துல கால் படி, உழக்குதான் விழும். மூலையில அதுவும் இல்ல."

"அதுக்கு வழி?"

பாய் ஒரு வட்டக் கண்ணாடியை எடுத்துக் காட்டினார். நடுவில் புகை படிந்த மாதிரிக் கருப்பு, விளிம்புக்குப் போகப் போகத் தெளிவு. "இத முன்னாடி மாட்டணும். நடுவுக்கு வர்ற வெளிச்சத்தக் கொறைச்சுரும். அப்ப நடுவுக்கும் உழக்கு, ஓரத்துக்கும் உழக்கு. கொஞ்சம் கூட நேரம் தொறந்து வச்சா எல்லாருக்கும் ரொம்பிரும்."

ஆவுடையப்பன் சங்கத்து டெலிபோனுக்கு டிரங்க் கால் போட்டு, கத்திக் கத்தி விஷயத்தைச் சொன்னான். மறுமுனையில் எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். அப்புறம் சண்முகக்கனி அண்ணாச்சி, "நடுவுல இருக்கவன் வெளிச்சத்தக் கொறைக்கதுக்கு ஒரு கண்ணாடி, அத நடுவுல இருக்கவனே வாங்கணுமாக்கும். யாருவே இந்த யோசனையச் சொன்னது? வெறும் லென்ச வாங்கிட்டு வந்து சேரும்," என்றார். ஆவுடையப்பன் டெலிபோனுக்கே தலையை ஆட்டினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குச் சங்கத்தின் முன்னால் கூட்டம் நின்றது. நடு நாற்காலியில் அண்ணாச்சி, இரண்டு பக்கமும் செயலாளர், பொருளாளர், அவர்களுக்கு அடுத்து அவர்களுடைய சம்பந்திகள், பின்னால் கடை பெரிசான வரிசையில் முதலாளிகள், அப்படியே தேய்ந்து தேய்ந்து விளிம்பில் பொட்டலம் மடிக்கிற இசக்கிமுத்துவும் மூட்டை இறக்குகிறவர்களும். ஆவுடையப்பன் கருப்புத் துணிக்குள் தலையை விட்டான். கேமராவின் பின்கண்ணாடியில் ஊரே தலைகீழாகத் தொங்கியது. நடுவில் அண்ணாச்சி தலைகீழாகப் பளபளத்தார், வலது ஓரத்தில் கடைசிக்கு முந்தின ஆளாக நின்ற பூலோகபாண்டி மீது நிழல் ஏறியிருந்தது. பூலோகபாண்டி அண்ணாச்சிக்கு மச்சினன். பிந்தி வந்ததால் அங்கே நின்றான்.

ஆவுடையப்பன் துணிக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வெளியே வந்து, மச்சினனைக் கைத்தாங்கலாக உள்ளே தள்ளி நிறுத்தினான். காலியான இடத்துக்கு ஆள் வேண்டும், இல்லையென்றால் படம் பல்லுப்போன வாய் மாதிரி இருக்கும். சுற்றிலும் பார்த்தான். எல்லாரும் யாருக்காவது மச்சினனாக இருந்தார்கள். மூன்றாவது வரிசையில் அவன் பெண்டாட்டி செண்பகவடிவு நின்றுகொண்டிருந்தாள், தானே தைத்த ஊதா ஜாக்கெட்டில், போட்டோவுக்கென்று பிச்சிப்பூ வைத்துக்கொண்டு.

"செம்பகம், நீ கொஞ்சம் ஓரமா வந்து நில்லு," என்றான்.

அவள் வந்து நின்றாள். அவன் பொத்தானை அமுக்கினான்.

அமுக்கின அந்த நொடியிலேயே ஓரத்தில் நின்ற இருபத்திரண்டு பேர் மேலும் சாயங்காலம் ஐந்து மணி விழுந்தது. மேகம் என்று நினைத்தார்கள். மேகம் அவர்களோடேயே நடந்து வீட்டுக்குப் போனது, சாப்பிட உட்கார்ந்தால் இலையைச் சுற்றி உட்கார்ந்தது, மறுநாள் காலையில் எழுந்தபோதும் தலைமாட்டிலேயே இருந்தது. ஒவ்வொருத்தரைச் சுற்றியும் ஒரு கயிற்றுக்கட்டில் அகலத்துக்குச் சாயங்காலம். அதற்கு வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது.

ஊர் இரண்டு நாள் பேசியது, மூன்றாம் நாள் பழகிக்கொண்டது, நாலாம் நாள் உபயோகப்படுத்திக்கொண்டது. விளையாட்டை விட்டு வீடு திரும்பாத பிள்ளைகளை விரட்டுவதற்குத் தாய்மார்கள் மூட்டை தூக்குகிற மாரிதாசைக் கூப்பிட்டுப் பொட்டல் வழியாக ஒரு நடை நடக்கச் சொன்னார்கள். அவன் நடந்தால் பொழுது போய்விட்டது என்று பிள்ளைகள் தானாகப் புத்தகத்தை எடுத்தன. அவன் திரும்பி நடந்தால் கோழிகள் அடைந்தன. அடைந்த கோழிகளைப் பிடிப்பது சுலபமாக இருந்ததால் கோழிக்கடைக்காரர் அவனைத் தினமும் கூப்பிட்டார். பூக்கடைக்காரர்கள் மட்டும் அடிக்காத குறையாக விரட்டினார்கள், இந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தர் கடந்து போனால் கூடையிலிருந்த பிச்சி மொட்டெல்லாம் நேரமாகிவிட்டது என்று நினைத்து மலர்ந்து தொலைத்தது. டீக்கடையில் ஆளாளுக்கு லென்ஸ் நிபுணர்கள் ஆனார்கள். நேற்றுவரை பருப்பில் கல் எத்தனை என்று மட்டும் தெரிந்தவர்கள், "அறுவத்தஞ்ச போட்டுருக்கவே கூடாதுவே, தொண்ணூறு போட்டு ரெண்டு வரிசையக் கழிச்சிருக்கணும்," என்று பேசினார்கள். கழிக்க வேண்டிய இரண்டு வரிசை எது என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

செண்பகவடிவுக்குத்தான் எல்லாம் கோணலாகப் போனது. அவள் தையல்காரி. ஜன்னலோரம் மெஷினைப் போட்டு, பகல் வெளிச்சத்தில் ஊசி கோத்து, சடங்கு வீட்டு ஜாக்கெட்டுக்கு மயிரிழை மாதிரித் தையல் போடுகிற கை. இப்போது ஜன்னலில் வெயில் கொட்டியது, அவள் மடியில் மட்டும் மசமசப்பு. உப்பு தீர்ந்து பக்கத்து வீட்டில் கேட்டால், "விளக்கு வச்ச நேரத்துல உப்புக் கொடுக்கக் கூடாதே மைனி," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, சுவர்க் கடிகாரம் பதினொன்று அடிக்கும்போதே. கடைக்குப் போய் ஊசி கேட்டால், விளக்கு வைத்தபின் ஊசி விற்றால் லட்சுமி போய்விடுவாள் என்று கடைக்காரர் கையை விரித்தார், வெளியே நின்று அவரே கண்கூசிக்கொண்டிருந்தார். தலை சீவக் கூடாது, வீடு பெருக்கக் கூடாது, படுக்கக் கூடாது. நாள் முழுக்க அந்தி என்றால் ஒருத்தி எப்போதுதான் தலை சீவுவது, எப்போது படுப்பது? ஊரில் சாஸ்திரம் தெரிந்தவர்களைக் கேட்டால், அந்தி கழிந்தபின் வந்து கேட்கச் சொன்னார்கள்.

"எனக்கு ஒரு மத்தியானம் வேணும்," என்றாள் அவள் புருஷனிடம். "அரைமணி நேரம் போதும். ஒரு ஊசி கோக்கணும்."

"சரியாயிரும் செம்பகம்."

"எப்படிச் சரியாகும்? போன வாரம் அஞ்சரை, இந்த வாரம் ஆறு. வளருதுல்லா இது."

வளர்ந்தது. அதுதான் பயம். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, வலது கோடியில் கடைசி ஆளாக நின்ற பொட்டலக்கார இசக்கிமுத்துவுக்கு முப்பதாம் நாள் முழு ராத்திரி வந்துவிட்டது. அதற்கப்புறம் அவனை யாரும் பார்க்கவில்லை. கடையில் பொட்டலம் மட்டும் மடிந்தது. முதலாளி அவன் லீவு என்று நினைத்துச் சம்பளத்தைப் பிடித்தார். அவன் பெண்டாட்டி தட்டுச் சத்தம் கேட்கிற இடத்தில் சோற்றை வைத்தாள், முதல் இரண்டு நாள் அழுதுகொண்டு, அப்புறம் பழக்கத்தில். செண்பகவடிவு கடைசிக்கு முந்தின ஆள். அவளுக்கு இன்னும் பத்துப் பதினைந்து நாள் இருந்தது. ஆவுடையப்பனுக்கு இப்போதே அவள் முகம் தெரியவில்லை. குரலையும் வளையலையும் வைத்துத்தான் வீட்டில் இருக்கிறாள் என்று கண்டுபிடித்தான். விளக்கேற்றிப் பார்த்தால் சுவர்தான் தெரிந்தது, அவள் மேல் வெளிச்சம் நிற்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் தட்டை நகர்த்துவான். என்னால்தான், என்னால்தான் என்று உள்ளுக்குள் அடித்துக்கொள்வான், வெளியே சொல்லத் தைரியம் வராது.

நடுவில் உட்கார்ந்தவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்கலாம். நடுவில் ஒரு படியும் அதற்கு மேலும் விழுந்ததே, அது எங்கே போகும். சண்முகக்கனி அண்ணாச்சிக்கு அன்றிலிருந்து எந்நேரமும் உச்சிவெயில். ராத்திரி போர்வைக்குள் பன்னிரண்டு மணி வெயில் அடித்தது, கண்ணை மூடினால் இமைக்குள் சிவப்பாக எரிந்தது. நாற்பது நாளாக மனுஷன் பொட்டுத் தூக்கம் தூங்கவில்லை. இளநீரும் மோருமாகக் குடித்து, குடையைப் பிடித்துக்கொண்டு படுத்தார். யாராவது கேட்டால், "தலைமைப் பொறுப்புன்னா தூக்கம் எப்படிவே வரும்," என்று கண்ணுக்கடியில் கருவளையத்தோடு சிரித்தார்.

ஓரம் கருத்துப்போன படத்தைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. ஓரத்தில் நின்று சங்கத்துக்காகச் சாயங்காலத்தை ஏற்றுக்கொண்ட இருபத்திரண்டு தியாகிகளுக்கும் பொன்னாடை போர்த்துவது என்றும், ஆளுக்கொரு டார்ச் லைட் வழங்குவது என்றும், நிலைமையை ஆராய அந்திக் குழு ஒன்று அமைப்பது என்றும், அதற்கு மத்தியானத்துக்குக் குறைவில்லாத மூன்று பேரை நியமிப்பது என்றும் தீர்மானித்தார்கள். பொன்னாடை போர்த்தும்போது இசக்கிமுத்துவைக் கண்டுபிடிக்க முடியாததால் அவன் முதலாளிக்கே போர்த்தினார்கள்.

அப்போதுதான் ஆவுடையப்பன் எழுந்தான். எழுந்ததே பெரிய சங்கதி. "மெட்ராஸ்ல அந்த வட்டக் கண்ணாடி இருக்கு. அத மாட்டி இன்னொரு படம் எடுத்தா எல்லாருக்கும் ஒரே வெளிச்சம் ஆயிரும். நடுவுல உள்ளவங்களுக்குக் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்."

"எவ்வளவு குறையும்?" என்றார் பொருளாளர்.

"எல்லாருக்கும் உள்ளது உங்களுக்கும் இருக்கும்."

ஹாலில் ஒரு முனகல் எழுந்தது. அண்ணாச்சி குடையை மடக்கி, வேர்வையைத் துடைத்து, தூக்கமில்லாத கண்ணைக் கசக்கிக்கொண்டு, "ஜனநாயக முறைப்படி கேப்போம். கண்ணாடி வேணுங்கிறவங்க கை தூக்குங்க," என்றார். பின்வரிசையில் இருபத்திரண்டு கைகள் உயர்ந்தன. அந்திக்குள் உயர்ந்த கைகள் மேடைக்குத் தெரியவில்லை. தயங்கித் தயங்கி ஆவுடையப்பன் தூக்கியது ஒன்று மட்டும் தெரிந்தது, அதுவும் அண்ணாச்சி அவனைப் பார்த்ததும் தலையைச் சொறிகிற கையாக மாறிவிட்டது. "ஆக, ஏகமனதாக வேண்டாம்," என்று செயலாளர் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் செண்பகவடிவு கதவைச் சாத்தவில்லை. "தலையச் சொறிஞ்சியளே, அரிச்சுதோ?" என்றாள் இருட்டுக்குள்ளிருந்து.

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"இருங்க. எதுத்த சங்கத்துல நானே போயி கேக்கேன், தள்ளி நின்னு எடுத்தா அந்தக் கண்ணாடியே வேண்டாம்லா. அந்தக் கேட்டு என்ன கைலாசத்து வாசலா?"

பதினான்கு வருஷத்தில் முதல் ஆளாக அவள் ரோட்டைக் கடந்தாள், நடுப்பகலில், அத்தனை பேர் கண்ணெதிரே. அந்திக்குள் போனதால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. எதிர்ச்சங்கத் தலைவர் பால்வண்ணம், கல்லா நாற்காலியில் விசிறிக்கொண்டிருந்தவர், திடீரென்று முன்னால் கவிந்த மசமசப்பைப் பார்த்து விசிறியை நிறுத்தினார்.

"யாரு?"

"டெய்லர் செண்பகவடிவு, அண்ணாச்சி. சங்கம் பிரியுததுக்கு முன்னால உங்க மக சடங்குக்கு ஜாக்கெட் தச்சவ. ஞாயித்துக்கிழமை அரைமணி நேரம் உங்க கேட்டத் தொறந்து வைக்கணும். கேமராவ உள்ள கொண்டாந்து போட்டோ எடுக்கணும்."

"விளக்கு வச்ச நேரத்துல வந்து ஒண்ணக் கேக்கியளே தாயி."

"வாசல்ல எட்டிப் பாருங்க. மணி பன்னெண்டரை."

அவர் எட்டிப் பார்த்தார். தார் ரோடு உருகிக்கொண்டிருந்தது. திரும்பி அவள் நின்ற இடத்தைப் பார்த்தார், கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. ஆனால் அவரும் நெட்டூரணிக்காரர்தானே. "உங்க தலைவரு ஒரு வார்த்தை கேக்க மாட்டாராக்கும்?"

"அவரு கேக்க மாட்டாரு. அவருக்காக நான் இருட்டுல செத்துப்போக முடியாது."

பால்வண்ணம் யோசித்தார். எதிரிச் சங்கத்தின் பொன்விழாப் படம் தன் முற்றத்து மண்ணில் நின்று எடுக்கப்பட்டது என்று இன்னும் ஐம்பது வருஷத்துக்குச் சொல்லிக் காட்டலாம் என்பது அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் முகம் மலர்ந்துவிட்டது. "தாராளமா வாங்க தாயி. ஆட்டையும் அவுத்துக் கட்டச் சொல்லுதேன்."

செய்தி பரவியதும் சண்முகக்கனி அண்ணாச்சி, அந்த மண்ணைப் பார்த்து நான் உட்கார மாட்டேன் என்று அறிவித்தார். வேறு யாரையும் அவரால் தடுக்க முடியவில்லை. அடுத்த வரிசைகளிலும் இப்போது லேசாக நாலு மணி தட்ட ஆரம்பித்திருந்தது, ஜனங்களுக்குத் தத்துவத்தைவிட வெளிச்சம் முக்கியமாகப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்து நின்றார்கள். அண்ணாச்சி சங்கக் கட்டிடத்தைக் காவல் காக்கிற மாதிரி வராந்தாவில் ஏறி, கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குடையோடு நின்றார். நடு நாற்காலி காலியாக இருந்தது. செயலாளர் அதில் உட்காரலாமா என்று அரைமனதாக எழுந்தார், பொருளாளர் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். அந்த இழுபறியில் ஒரு துண்டு அந்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, நாற்காலியில் உட்கார்ந்தது. வளையல் சத்தம் கேட்டது.

ஆவுடையப்பன் எதிரி முற்றத்தின் கடைக்கோடியில், ஆட்டுப் புழுக்கைக்கு நடுவில், தன் பழைய சாதாரண லென்ஸோடு நின்றான். அவ்வளவு தூரத்திலிருந்து அத்தனை பேரும் வட்டத்துக்குள் ஒழுங்காக அடங்கினார்கள். கருப்புத் துணிக்குள் பார்த்தபோது நடுவில் ஒரு இருட்டு மட்டும் தலைகீழாகத் தொங்கியது. வெயிலில் நிற்பவர்களுக்குக் கண்ணிமைக்கிற நேரம் லென்ஸைத் திறந்தால் போதும். அந்தியில் இருப்பவர்கள் படத்தில் விழ வேண்டுமென்றால் எட்டு எண்ணுகிற வரை திறந்து வைக்க வேண்டும், அதுவரை அண்ணாச்சி போக நூற்று எண்பத்தைந்து பேரும் அசையாமல் நிற்க வேண்டும்.

"நான் சொல்லுத வரைக்கும் யாரும் அசையப்படாது," என்று துணியை விட்டு வெளியே வந்து அவன் கத்தினான். அவன் கத்தி ஊர் கேட்டதில்லை. தேசிய கீதத்துக்கே சொறிந்துகொண்டு நிற்கிறவர்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

திறந்தான். எண்ணினான். ஒன்று, இரண்டு என்னும்போது இசக்கிமுத்து நின்ற இடத்தில் ஒரு சட்டைக் காலர் தெரிந்தது, மூன்றில் காதும் மீசையும் தெரிந்தன, அவன் பெண்டாட்டி அசையக்கூடாதே என்று கண்ணீரை மட்டும் வழியவிட்டாள். ஐந்தில் மாரிதாஸ் மேல் மூன்று மணி வெயில் அடித்தது. வராந்தாவில் அண்ணாச்சி முதுகில் வெளிச்சம் மெல்லக் குறைந்தது, குடை கையிலிருந்து சரிந்தது. ஏழில் நாற்காலியில் ஊதா நிறம் வந்தது. எட்டில் செண்பகவடிவின் முகத்தில் வெயில் விழுந்தது.

எட்டில் மூட வேண்டும். அவன் மூடவில்லை. வாரக்கணக்கில் பார்க்காத முகம். கன்னம் ஒட்டிப்போயிருந்தது, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தன் உள்ளங்கையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆசையாக இருந்தும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஆவுடையப்பன் எண்ணுவதை மறந்து பார்த்துக்கொண்டே நின்றான். முப்பதோ நாற்பதோ ஆகியிருக்கும், பின்னால் நின்ற பால்வண்ணம், "வே, என்னவே இது, அவங்கள நட்டு வச்சிட்டேரா?" என்று கேட்ட பிறகுதான் மூடினான்.

படம் பாழ். நெகட்டிவ் முழுக்கக் கரிக்கட்டை, பிரிண்ட் முழுக்க வெள்ளை. ஆறடிக்கு எட்டடியில், சலவைக்குப் போய் வந்த வேட்டி மாதிரி, ஒரு புள்ளி மூக்கு இல்லை, ஒரு சொட்டு வேர்வை இல்லை. வெளிச்சம் மட்டும் அவரவருக்குத் திரும்பி வந்தது, அண்ணாச்சிக்கு ராத்திரியும் வந்தது. அவர் வராந்தாவிலேயே சரிந்து, மறுநாள் மத்தியானம் வரை குறட்டை விட்டார். ஒரு நாளும் இல்லாமல் அன்றைக்கு யாரும் அவரை எழுப்பவில்லை.

நிர்வாகக் குழு வெள்ளைப் படத்தை நெடுநேரம் பார்த்தது. படத்தில் நான் இல்லை என்று முதலில் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. கடைசியில் பொருளாளர் தொண்டையைச் செருமி, நான் நன்றாக விழுந்திருக்கிறேன் என்றார். உடனே எல்லாரும் நன்றாக விழுந்திருந்தார்கள். தேக்குச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டி மாலை போட்டார்கள். ஜனங்கள் குடும்பத்தோடு வந்து, வெள்ளையில் விரலை வைத்து, இது நான், இது நம்ம மாமா, இது போன மாசம் தவறிப்போன சித்தப்பா என்று காட்டினார்கள். தூக்கம் தெளிந்து வந்த சண்முகக்கனி அண்ணாச்சி நேராக நடுவில் விரலை வைத்து, "நம்ம உக்காந்திருக்க தோரணையப் பாத்தியளா," என்றார்.

பக்கத்தில் நின்ற செண்பகவடிவு, "அது நான்லா அண்ணாச்சி," என்றாள் சாதாரணமாக. "நீங்க அந்தாப்புல மேல இருக்கிய. திரும்பி நிக்கிய." அவர் குனிந்து பார்த்து, நிமிர்ந்து பார்த்து, விரலை மேலே நகர்த்திக்கொண்டார்.

அவ்வளவு நேரம் நிற்க வைத்ததற்கு விளக்கம் கேட்டபோது, ஷட்டர் சிக்கிக்கொண்டது என்று ஆவுடையப்பன் குழுவிடம் சொல்லியிருந்தான். வீட்டில் அந்தப் பொய் சொல்ல வாய் வரவில்லை. ஜன்னலோரம், நல்ல வெயிலில், செண்பகவடிவு ஊசி கோத்துக்கொண்டிருந்தாள். அவன் வாசற்படியில் நின்றபடி, "ஷட்டர்லாம் சிக்கல. உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னுட்டேன்," என்றான். அவள் நிமிரவில்லை. "முதப் படத்துல அந்த மச்சினன் மேல நிழல் விழுந்தது எனக்குத் தெரிஞ்சுது செம்பகம். தெரிஞ்சுதான் உன்னையக் கொண்டு அங்க நிறுத்தினேன்."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. துணிக்குள்ள இருந்து ரொம்ப நேரமா வெளிய வரலியே நீங்க." நூல் ஊசிக் காதுக்குள் போனது, அவள் அதை இழுத்து முடிச்சுப் போட்டாள். "அமுக்குறதுக்கு முன்னால ஒரு தடவை நடந்து வந்து என்னைய மாத்தி நிறுத்துவியளான்னு பாத்துக்கிட்டு நின்னேன்."

அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்தான். அவள் ஒரு ஜாக்கெட்டை மடியில் விரித்துத் தைக்க ஆரம்பித்தாள், வெளிச்சம் இருக்கும்போதே ஒரு கைத்தையல் முடிக்க வேண்டியிருந்தது.